மஞ்சளும் கீறலும்: திருச்சி, ஸ்ரீரங்கத்தில் போர்க்கால ஒளிப்படத் தோற்றத்தை மீட்டெடுத்தல்

இரண்டாம் உலகப் போர்க் காலத்துச் சாயலில் ஒரு கருப்பு வெள்ளைப் படம் வேண்டும் என்று இன்று ஸ்டுடியோவில் கேட்டால், புதுப் படத்தைப் பழுப்பாக்கித் தருவார்கள். கீறல் போடுவார்கள், ஓரங்களை இருட்டாக்குவார்கள், படம் முழுக்கத் துகள் தூவுவார்கள். கல்யாணத்துக்கு முந்தைய படப்பிடிப்பிலும் திரைப்பட விளம்பரத்திலும் இதே கைவேலைதான். 1943-இல் திருச்சியில் ஸ்டுடியோப் படிக்கட்டு இறங்கியவர் கையில் இருந்த படத்தில் இவற்றில் பெரும்பாலானவை இல்லை என்பது என் வாதம். போர்க்காலம் என்று நாம் இன்று செய்துகொள்வது, அதற்குப் பிறகு கழிந்த எண்பது ஆண்டுகள் அந்தத் தாளுக்குச் செய்த சேதத்தைத்தான்.

முதலில் மஞ்சள். வெள்ளி உப்பு பூசிய தாளில் படம் நிலைக்க, அதை ஹைப்போ என்னும் கரைசலில் முக்கி, பின் ஓடும் நீரில் நெடுநேரம் அலச வேண்டும். அலசல் போதாமல் ஹைப்போ தங்கிவிட்டால், அதிலுள்ள கந்தகம் வெள்ளியோடு மெல்லச் சேர்ந்து வெள்ளி சல்பைடாகிறது. கருப்பு பழுத்துப் பழுப்பாகிறது. வெப்பமும் ஈரமும் அதை விரைவுபடுத்தும். காவிரிக் கரை வீடுகளின் சுவரில் மாட்டிய படங்களுக்கு இரண்டுமே தாராளமாகக் கிடைத்தன. செபியா நிறமேற்றுதல் என்று ஒரு தொழில்முறையும் இருந்தது உண்மை. ஆனால் அது காசு கொடுத்துக் கேட்டு வாங்கிய செறிந்த பழுப்பு, படம் முழுவதும் சீராக இறங்கியிருக்கும். வெளிறிய மஞ்சளோடு அதைக் குழப்புவது, பட்டின் அரக்கு நிறத்தையும் சாயம்போன வேட்டியின் நிறத்தையும் ஒன்றென்று சொல்வது போல.

துகளின் கதை வேறு. போர்ப் படக்காரர் ராபர்ட் கேப்பா 1944 ஜூன் 6 அன்று ஒமாஹா கடற்கரையில் எடுத்த படங்கள் போன்றவை நம் கண்ணுக்குப் போர் என்றால் இப்படித்தான் என்று பழக்கிவிட்டன. அவை 35 மில்லிமீட்டர் சுருளில் எடுத்தவை. சிறிய நெகட்டிவைப் பெரிதாக்கினால் துகள் தெரியும். நம் ஊர் ஸ்டுடியோவோ அரைப் பிளேட்டிலும் கால் பிளேட்டிலும் வேலை செய்தது. அரைப் பிளேட் என்பது 4¾ × 6½ அங்குலம். நெகட்டிவைத் தாளோடு ஒட்டவைத்து அதே அளவில் அச்சிட்டால் துகள் கண்ணுக்கே தெரியாது. வேட்டிக்கரையின் நூல் வரை எண்ணலாம் போன்ற கூர்மைதான் அக்காலப் படத்தின் இயல்பு.

திருச்சி போர்முனையும் அல்ல. நாகப்பட்டினத்திலிருந்து 1928-இல் பொன்மலைக்கு வந்த தென்னிந்திய ரயில்வே பணிமனை போர்க்காலத்தில் விமானங்களையும் பழுதுபார்த்தது. 25 லட்சம் பேராகப் பெருகிய இந்தியப் படைக்கு இந்தப் பகுதியிலிருந்தும் ஆட்கள் போனார்கள். 1942 ஏப்ரலில் சென்னை அஞ்சிக் காலியானது, 1943 அக்டோபரில் ஒரு ஜப்பானிய விமானம் அங்கே குண்டும் போட்டது. உள்நாட்டு ஊருக்குப் போர் வந்து சேர்ந்த வழி பெரும்பாலும் தட்டுப்பாடு: அரிசி, மண்ணெண்ணெய், பெட்ரோலுக்குப் பதில் கரிவாயுவில் ஓடிய பஸ்.

ஒளிப்படத் தொழிலுக்கும் இதே கதிதான். அன்று இந்தியாவில் ஃபிலிம் செய்யும் ஆலை கிடையாது. ஊட்டியின் இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் 1960-இல்தான் தொடங்கியது. பொருளெல்லாம் கப்பலில் வர வேண்டும், போரோடு ஜெர்மனியின் ஆக்ஃபா வரத்தும் நின்றது. சினிமாவுக்கே 1942-இல் ஒரு படத்துக்கு 11,000 அடி என்று உச்சவரம்பு விழுந்தது. இப்படிப்பட்ட நாளில் ஒரு குடும்பத்துக்குப் பத்துப் பிளேட் யார் வீணாக்குவார்? அந்தப் படங்களில் காணும் விறைப்பை ‘அப்பாவித்தனம்’ என்று ரசிக்கிறோம். அதில் ஒரு பங்கு, ஒரே பிளேட்டில் எல்லாரும் கண்ணிமைக்காமல் விழுந்தாக வேண்டும் என்ற கணக்கு. நூறு படம் சுட்டு ஒன்றைப் பொறுக்கும் டிஜிட்டல் பழக்கத்தோடு அந்த நிற்கும் முறையை மீட்க முடியாது என்றே நினைக்கிறேன்.

எல்லாவற்றையும்விட முக்கியம், நிறம் எப்படிச் சாம்பலாகிறது என்பது. அக்காலத்தில் இரண்டு வகை உணர்பூச்சு புழங்கின. பான்குரோமாட்டிக் எல்லா நிறத்தையும் காணும். ஆர்த்தோகுரோமாட்டிக் நீலத்தையும் பச்சையையும் காணும், சிவப்பைக் காணாது. முப்பதுகளிலேயே பான் ஃபிலிம் கடைக்கு வந்துவிட்டது. ஆனாலும் ஆர்த்தோவுக்கு ஒரு வசதி உண்டு: டார்க் ரூமில் சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு, படம் எழும்புவதைக் கண்ணால் பார்த்தே நிறுத்தலாம். டெவலப்பர் 20 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்க வேண்டும் என்பது மேல்நாட்டுக் கணக்கு. திருச்சிச் சித்திரையில் தொட்டித் தண்ணீரே அதைத் தாண்டிக் கொதிக்கும். கடிகாரத்தை நம்பினால் படம் கருகும், ஜெலட்டின் இளகும். இங்குள்ளவர் ஆர்த்தோவை எளிதில் கைவிட்டிருக்கமாட்டார் என்று கருத இந்த வெப்பமே போதிய காரணம்.

விளைவை ஸ்ரீரங்கத்தில் வைத்துப் பார்க்கலாம். தென்கலைத் திருமண்ணில் இரு வெள்ளைக் கோடுகள், கீழே பாதம், நடுவே சிவந்த ஸ்ரீசூர்ணம். ஆர்த்தோவில் அந்தச் சிவப்பு மையாகக் கருத்து, வெள்ளைக்கு நடுவே அழுத்தமாக நிற்கும். இன்றைய மென்பொருளில் முகத்தோல் பளபளக்க வேண்டுமென்று சிவப்புத் தடத்தை உயர்த்தி மாற்றினால், ஸ்ரீசூர்ணம் வெளுத்து வெள்ளையோடு கலந்துவிடும்; நாமமே ஒரு பூச்சாகிவிடும். குங்குமத்துக்கும் அரக்குப் புடவைக்கும் இதுவே நேரும். வானம் இதற்கு நேரெதிர்: ஆர்த்தோ நீல வானத்தை வெறும் தாளாக்கும், கிழக்கே நிற்கும் வெள்ளைக் கோபுரம் அதில் கரையும். மஞ்சள் ஃபில்டர் போட்டால் கொஞ்சம் மீளும். இடி இடிக்கப் போவது போன்ற கருத்த வானத்தின் முன் கோபுரம் ஒளிரும் ‘பழைய’ படங்கள் சிவப்பு ஃபில்டரின் ரசனை, ஆர்த்தோவால் தர முடியாதவை.

தோலும் கருக்கும். அதற்காகத்தான் பவுடரும் டச்சிங்கும். நெகட்டிவின் மேல் கூரிய பென்சிலால் புள்ளி வைத்துக் கன்னத்தையும் கண்ணடியையும் வெளுப்பாக்குவது தனி வித்தை. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் தமிழ்நாட்டு ஸ்டுடியோக்களின் பழைய நெகட்டிவ்களைத் திரட்டி எண்மமாக்கியது இந்த வகை ஆய்வுக்குப் பேருதவி. அச்சை மட்டும் பார்ப்பவர் பென்சிலைக் காணமாட்டார். கைபடாத உண்மை என்று பழைய படத்தைப் போற்றுவதற்கும் வரலாற்றில் இடமில்லை. சிப்பாய்ப் புரட்சி அடங்காத 1858-இல் திருச்சியையும் ஸ்ரீரங்கத்தையும் மெழுகுத்தாள் நெகட்டிவில் எடுத்த லினியஸ் ட்ரைப், வெறிச்சோடிய வானத்தில் மேகங்களைத் தூரிகையால் தீட்டியவர்.

ஒரு மறுப்பு எழலாம். பார்ப்பவருக்குக் காலம் புரிய அடையாளம் வேண்டாமா, மஞ்சள் அந்த வேலையைச் செய்துவிட்டுப் போகட்டுமே? கதைப்படத்தில் இதை மறுக்கமாட்டேன். அடையாளம் மாற்றக்கூடியது என்பதற்கும் சான்று உண்டு: ‘ஹே ராம்’ (2000) நிகழ்காலத்தைக் கருப்பு வெள்ளையிலும் நாற்பதுகளை வண்ணத்திலும் வைத்தது, யாரும் வழிதவறவில்லை. ஆனால் ஊர் வரலாறு என்ற பெயரில் எடுக்கும் படத்துக்கு அந்தச் சலுகை பொருந்தாது.

அங்கே பொருளும் சாட்சி சொல்லும். ஸ்ரீரங்கத்துத் தெற்கு ராஜகோபுரம் 13 நிலை, 236 அடி. குடமுழுக்கு நடந்தது 1987 மார்ச் 25. அதற்குமுன் அங்கே நின்றது முடிவுறாத மொட்டைக் கோபுரம். அம்மா மண்டபப் படித்துறைக்குப் போகும் வழியில் இன்றிருக்கும் காவிரிப் பாலமும் 1976-இன் பாலம். எவ்வளவு பழுப்பாக்கினாலும், முழுக் கோபுரம் தெரியும் படம் 1943 ஆகாது.

இதன் மறுபக்கம்தான் எனக்குக் கவலை. கோபுரத்தின் மேல்நிலைகளை அழித்து, சிவப்புத் தடத்தை அணைத்து, துகளும் கீறலும் இன்றி, அரைப் பிளேட் அளவில் ஒருவர் செய்துவிட்டால் அந்தப் படத்தை யார் பிரித்தறிவார்? மோசமான போலி தானே தன்னைக் காட்டிக்கொடுக்கும். நல்ல மீட்டெடுப்புக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. பழைய ஸ்டுடியோக்கள் அட்டையில் தங்கள் பெயரை அழுத்தி முத்திரையிட்டன, நெகட்டிவின் ஓரத்தில் எண் எழுதின. போர்க்காலத் தோற்றத்தை மீட்க விரும்புவோர் இந்தப் பழக்கத்தையும் சேர்த்து மீட்க வேண்டும்: எடுத்த ஸ்டுடியோவின் பெயரும், எடுத்த உண்மையான ஆண்டும், வெட்டி எறிய முடியாதபடி படத்துக்குள்ளேயே.