டாயில் என்னும் குடிப்பெயர்



நம்மில் பெரும்பாலோருக்குத் தகப்பன் பெயரின் முதலெழுத்தோடு முன்னோர் பெயர் நின்றுவிடுகிறது. அயர்லாந்திலோ ஒரே குடிப்பெயர் தலைமுறை தலைமுறையாய்த் தொடரும். அங்கே மிகப் பரவலான பெயர்களில் ஒன்று டாயில். 'கறுத்த அந்நியன்' என்று அதற்குப் பொருள் சொல்வர். டாயில்கள் எல்லாரும் ஒரே குடும்பத்தார் அல்லர். ஆயினும் அவர்களுள் சிலர் தம் மனச்சாட்சிக்காகக் கொடுத்த விலையை நாம் அறிவது நல்லது.

ஜேம்ஸ் வாரன் டாயில், அகுஸ்தீன் சபைத் துறவி. 1819-ல் கில்டேர்-லெய்லின் ஆயரானார். அன்று கத்தோலிக்கர் பாராளுமன்றத்தில் அமர முடியாது. ஏழைக் குடியானவனும் தனக்குச் சம்பந்தமில்லாத புரொட்டஸ்டாண்டு சபைக்குத் தசமபாகம் செலுத்த வேண்டும். இதை எதிர்த்து 'ஜே.கே.எல்.' என்ற கையொப்பத்தில் ஆயர் எழுதியவை ஆட்சியாளரைக் கலங்க வைத்தன. 1825-ல் லண்டனில் பாராளுமன்றக் குழுவினர் முன் சாட்சியமும் அளித்தார். 1829-ல் கத்தோலிக்கருக்கு உரிமை கிடைத்தது. 1834-ல், ஐம்பது வயது நிரம்பாமலே அவர் இறந்தார். தாம் கட்டிய கார்லோ பேராலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

ரிச்சர்டு டாயில் ஓவியர். டப்ளினிலிருந்து லண்டன் சென்று குடியேறிய குடும்பம். 'பஞ்ச்' பத்திரிகையில் நல்ல வருமானம். 1850-ல் ஒன்பதாம் பத்திநாதர் இங்கிலாந்தில் ஆயர் ஆட்சியை மீண்டும் நிறுவியபோது, அப்பத்திரிகை பாப்பரசரைக் கேலி செய்தது. ரிச்சர்டு வேலையை உதறிவிட்டார். அவர் வரைந்த அட்டைப்படத்தை மட்டும் அவர்கள் 1956 வரை விடவில்லை!

அவருடைய தம்பி மகன்தான் ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளை எழுதிய ஆர்தர் கோனன் டாயில். சேசு சபையாரின் ஸ்டோனிஹர்ஸ்ட் பள்ளியில் படித்தும் விசுவாசத்தை இழந்தார். 1882-ல் அவர் மருத்துவத் தொழில் தொடங்கியபோது, உறவினர் கத்தோலிக்கரிடம் அறிமுகம் செய்துவைக்க முன்வந்தனர். தாம் நம்பாத மதத்தின் பெயரால் பிழைக்க அவர் மனம் ஒப்பவில்லை. அவர் விலகியது நமக்கு வருத்தமே. ஆனால் அந்த நேர்மையைக் குறை சொல்ல நமக்கு வாய் வரவில்லை.

இறுதியாக வில்லியம் டாயில், சேசு சபைக் குருவானவர். 1873-ல் டால்கியில் பிறந்தவர். முதல் உலகப் போரில் ஐரிஷ் படையினருடன் ஆன்ம குருவாகச் சென்றார். குண்டுமழையிலும் காயம்பட்டோரிடம் ஊர்ந்து சென்று பாவமன்னிப்பும் அவஸ்தைப்பூசுதலும் கொடுப்பார். அல்ஸ்டர் புரொட்டஸ்டாண்டு வீரர்களும் அவரைப் போற்றினர். 1917 ஆகஸ்டு 16 அன்று ஈப்பர் நகரருகே குண்டு விழுந்து மாண்டார். உடல் கிடைக்கவில்லை. பெல்ஜியத்தில் டைன் காட் நினைவுச் சுவரில், கல்லறையற்ற ஏறத்தாழ 35,000 பேருடன் அவர் பெயரும் செதுக்கப்பட்டுள்ளது.