பேசும்போது திக்குறவங்க பாடும்போது திக்காதது ஏன்? தாளத்துக்கும் திக்கலுக்கும் என்ன வித்தியாசம்?

'த... த... தண்ணி' என்றால் திக்கல். 'தக தக தகிட' என்றால் கொன்னக்கோல். இரண்டிலும் திரும்ப வருவது அதே 'த'தான். அப்புறம் ஏன் ஒன்றுக்கு கைதட்டல், இன்னொன்றுக்கு கேலி?

ஒரு சொல் திரும்ப வருவது தமிழில் தப்பே கிடையாது. 'பாம்பு பாம்பு' அடுக்குத்தொடர், 'சலசல' இரட்டைக்கிளவி என்று பள்ளியிலேயே படித்திருப்போம். அங்கே பேசுபவர் தெரிந்தேதான் அடுக்குகிறார். தாளமும் அப்படித்தான், அடுத்த தட்டு எப்போது விழும் என்று வாசிப்பவருக்கும் தெரியும், கேட்பவருக்கும் தெரியும். திக்கலில் என்ன சொல்லணும் என்பது நல்லாவே தெரியும், அது எப்போது வாயிலிருந்து வரும் என்பதுதான் கையில் இல்லை. ஒலி திரும்ப வரலாம், 'ம்ம்ம்மா' என நீளலாம், சத்தமே வராமல் நின்றும் போகலாம். வகுப்பில் 'பதில் தெரியாம நிக்கிறான்' என்று தப்பாக நினைக்கப்படுவது இந்தக் கடைசி வகைதான்.

பாடினா மட்டும் எப்படி?

எந்த எழுத்து எப்போது வரணும் என்பதை மெட்டே முடிவு செய்துவிடுகிறது. அந்த நேரக்கணக்கை மூளை தனியாகப் போட வேண்டியதில்லை என்பது ஆய்வாளர்கள் சொல்லும் முக்கிய விளக்கம். பலர் சேர்ந்து ஒரே குரலில் வாசிக்கும்போதும் திக்கல் சட்டென குறையும்.

அமெரிக்க ஜாஸ் பியானோ கலைஞர் ஜான் லார்கின் சின்ன வயதிலிருந்தே திக்கிப் பேசியவர். அர்த்தமில்லாத அசைகளை வேகமாக அடுக்கும் 'ஸ்கேட்' பாணியில், 1994-ல், தன் 52 வயதில் அவர் வெளியிட்ட 'ஸ்கேட்மேன்' ஐரோப்பாவில் செம ஹிட். தன் திக்கலைப் பற்றியே அதில் பாடினார். ஆனால் பேட்டி என்று உட்கார்ந்தால் திக்கல் அப்படியேதான் இருந்தது.

அப்போ தாளம் போட்டே பேசலாமா?

பேசலாம், ஆனா ரோபோ பேசுற மாதிரி இருக்கும். தாளத்தை விட்டதும் பெரும்பாலும் திக்கல் திரும்பிடும்.

சுமார் 5% குழந்தைகளுக்கு ஏதோ ஒரு கட்டத்தில் திக்கல் வருகிறது, பெரும்பாலும் 2 முதல் 5 வயதுக்குள். பலருக்கு தானாகவே சரியாகிடும். பெரியவர்களில் சுமார் 1% பேருக்கு இருக்கிறது. புத்திக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. 'மெதுவா பேசு' என்பதும், சொல்லை நாமே முடித்துக் கொடுப்பதும் உதவாது, சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தால் போதும். 6 மாதத்துக்கு மேல் நீடித்தாலோ, குழந்தை பேசவே தயங்கினாலோ பேச்சுப் பயிற்சி நிபுணரிடம் காட்டுங்கள்.