பியூஸ் காத்தது யாரை?

லக்ஸபான நீர்மின் நிலையம் 1950இல் இயங்கத் தொடங்கியது. அதற்குப் பிந்திய காலத்தில் கரண்ட் எடுத்த நம்மூர் வீடுகள் சில இன்னும் இருக்கின்றன. மரச்சட்டத்தில் தகரக் கிளிப் அடித்து, வயரை அதில் பிடித்திருப்பார்கள். உறை இறப்பர். இரண்டு முனை பிளக், எர்த் கிடையாது. கதவுக்கு மேல் வெள்ளைப் பீங்கான் பியூஸ்.

அந்தப் பியூஸ் நம்மைக் காப்பாற்றும் என்றே நம்பியிருந்தோம். அது காத்தது வயரைத்தான், ஆளை அல்ல. 5 அம்பியர் பியூஸ் உருக அதைவிடக் கூடுதலாகக் கரண்ட் ஓட வேண்டும். மனித உயிர் போக ஒரு அம்பியரில் இருபதில் ஒரு பங்கே போதும்.

ட்ரிப் சுவிட்சின் கணக்கு வேறு. போன கரண்ட் முழுதாகத் திரும்பி வருகிறதா என்று பார்க்கும். 30 மில்லி அம்பியர் குறைந்தாலே விழுந்துவிடும். இன்றைய வயருக்கு பீவீசீ உறை, பைப்புக்குள் போகிறது. பழைய இறப்பரோ காய்ந்து பிஸ்கட் போல உதிரும். சுவர் நனைந்தால் கசியும். அதனால்தான் மழைக்கு ட்ரிப் விழுகிறது. நாம் திட்டுவது ட்ரிப்பை!

போன மாதம் எங்கள் உம்மும்மா வீட்டில் டெஸ்ட் பொத்தானை அழுத்தினோம். விழவில்லை. கையால் இறக்கினோம். மின்விசிறி சுற்றிக்கொண்டே இருந்தது. வயரிங் பாஸ் வந்து திறந்தார். யாரோ வயர்களை ட்ரிப்பிலிருந்து கழற்றி நேராக முறுக்கிவிட்டிருந்தார்கள்.

இரண்டு வருடமாக மழைக்கு விழவே இல்லையே என்று சந்தோஷப்பட்டவர்கள் நாங்கள்தான்.