கடலைப் பிண்ணாக்கும் கட்லாவும்

போன வாரம் இலத்தூர் குளத்தங்கரையில மாமா தூண்டிலுக்கு இரை பிசைஞ்சிட்டிருந்தார். கடலைப் பிண்ணாக்கு, தவிடு, கொஞ்சம் மைதா. "கட்லாவுக்கு இதுதான். தாத்தா காலத்துப் பக்குவம் மாப்ளே"ன்னார்.

தாத்தா காலமா? எனக்கு அங்கதான் இடிச்சது. கட்லா, ரோகு, மிர்கால் மூணும் வடக்கே கங்கை மாதிரியான ஆறுகளின் கெண்டை இனங்கள். தேங்கின குளத்துல சாதாரணமா முட்டையிடாது. ஓடுற வெள்ளம் வேணும். ஒருகாலத்தில் குஞ்சு வேணும்னா பெரும்பாலும் ஆற்றில்தான் பிடிக்கணும். 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவின் அங்குலில் ஹீராலால் சௌத்ரியும் அலிகுன்ஹியும் பிட்யூட்டரி சுரப்பிச் சாற்றை ஊசியா போட்டு, குளத்திலேயே கெண்டையை முட்டையிட வைத்தார்கள். பண்ணைக் குஞ்சு ஊர் ஊரா பரவ அதுதான் வழி திறந்தது.

பண்ணையில அதுக்குப் போடற தீனி? அதே கடலைப் பிண்ணாக்கும் தவிடும்! மீனுக்கு அது வீட்டுச் சாப்பாட்டு வாசனை.

அம்மாகிட்ட கேட்டேன். தாத்தா மண்புழுதான் கோப்பாராம், கெளுத்திக்கு.

இன்னொண்ணு: இந்தக் குளத்துக்குக் குஞ்சு வாங்கி விட்டது குத்தகைக்காரர். அப்போ தூண்டில்ல மாட்டுற கட்லா யாரோடது? மாமாகிட்டயே கேட்டுட்டேன்.

"மெதுவா பேசுடே, மீன் ஓடிரும்"ன்னார்.