குண்டும் ரவையும்: செஞ்சி வட்டாரப் பின்னணியில் தற்காப்புத் துப்பாக்கியின் வரலாறும் சட்டமும்

ஆய்வுச்சுருக்கம்

தனிக்குண்டையும் சிதறு ரவையையும் ஒரே ஆயுதத்தில் இட்டுச் சுடும் முறை, வீட்டுத் தற்காப்புக்கென இன்று விற்கப்படும் சுழல்துப்பாக்கிகளின் புதுமையாகக் கருதப்படுகிறது. தமிழகத்தில் வழங்கிய நாட்டுத் துப்பாக்கிக்கு இவ்விரட்டைப் பயன்பாடு தொடக்கம் முதலே இயல்பாக இருந்தது. செஞ்சி வட்டாரத்தைப் பின்னணியாகக் கொண்டு, 1801 முதல் 1959 வரையிலான ஆயுதச் சட்டங்களை இக்கட்டுரை ஆராய்கிறது. ஓர் ஆயுதம் எதைச் சுடும் என்பதைக் காட்டிலும், அதன் குழல் அமைப்பையும் வைத்திருப்பவரின் நோக்கத்தையுமே சட்டம் அளவுகோலாகக் கொண்டது என்பதை நிறுவுவது இதன் நோக்கமாகும்.

திறவுச்சொற்கள்: செஞ்சி, நாட்டுத் துப்பாக்கி, ரவை, ஆயுதச் சட்டம், தற்காப்பு.

முன்னுரை

செஞ்சிக் கோட்டை குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் அரச மரபுகள், முற்றுகைகள், கட்டடக் கலை ஆகியவற்றைச் சுற்றியே அமைந்துள்ளன. கோட்டை மதிலுக்கு வெளியே வாழ்ந்த குடிகள் தம் வீட்டையும் விளைநிலத்தையும் எக்கருவி கொண்டு காத்தனர், அக்கருவியை வைத்திருக்கும் உரிமை யாரிடம் இருந்தது என்னும் வினாக்கள் அதிகம் எழுப்பப்படவில்லை. மராத்தியர் காலப் படைத்துறை நிலப்பரப்புகளுள் ஒன்றாகச் செஞ்சி 2025ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றுள்ள இந்நிலையில், படைத்துறை வரலாற்றின் மறுபக்கமான குடிகளின் தற்காப்பு வரலாறும் கவனத்திற்குரியதாகிறது.

செஞ்சியும் வெடிமருந்துப் போரும்

இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் ஆகிய மூன்று குன்றுகளையும் இணைக்கும் மதிலரண் ஏறத்தாழ 13 கி.மீ. நீளமுடையது. 1677இல் சிவாஜி இக்கோட்டையைக் கைப்பற்றினார். இராஜாராம் இங்குத் தங்கியிருந்த காலத்தில் சுல்பிகர் கான் தலைமையிலான முகலாயப் படை 1690 முதல் 1698 வரை இதனை முற்றுகையிட்டது. 1714இல் தேசிங்கு ராஜன் ஆர்க்காட்டு நவாபின் படையுடன் பொருது மாண்டான். 1750 செப்டம்பரில் புஸ்ஸி தலைமையிலான பிரெஞ்சுப் படை இரவுத் தாக்குதலில் கோட்டையைப் பிடித்தது. 1761இல் அது ஆங்கிலேயர் வசமாயிற்று.

இந்நூறாண்டுக் காலப் போர்களில் வெடிமருந்தும் துப்பாக்கியும் இன்றியமையாத இடம்பெற்றன. மொழியும் இதற்குச் சான்று பகர்கிறது. ‘துப்பாக்கி’ துருக்கிய மூலமுடைய சொல். ‘பீரங்கி’ ஐரோப்பியரைக் குறித்த ‘பரங்கி’ என்னும் பெயரோடு தொடர்புடையது. ஆயினும் அவற்றுள் இடப்படும் பொருள்களுக்கு மருந்து, திரி, குண்டு, ரவை என மக்கள் வழக்கில் முன்பே இருந்த சொற்களே பொருள் விரிந்து வழங்கின. கருவியின் பெயர் வெளியிலிருந்து வந்தது. அதைக் கையாளும் தொழில் இம்மண்ணில் வேரூன்றியது.

ஒரு குழல், இரு பயன்

நாட்டுத் துப்பாக்கியின் குழல் உட்புறம் வழவழப்பானது. வாய்வழியே மருந்தை இட்டு, அடைப்பை வைத்துக் கோலால் திணித்து, அதன்மேல் குண்டையோ ரவையையோ இட்டு மீண்டும் அடைக்க வேண்டும். எதை இடுவது என்பது சுடுபவரின் தேவையைப் பொறுத்தது. தனிக்குண்டு ஒரே புள்ளியில் ஆழமாகத் தாக்கும். ஆயின் குறி தவறின் பயனில்லை. ரவை பரவலாகச் சிதறும்; ஓரளவு குறி பிசகினும் இலக்கைத் தொடும்; தொலைவு கூடக்கூட அதன் வேகம் விரைந்து குறையும். பறவை வேட்டையில் நரிக்குறவர் ரவையையே பயன்படுத்தினர். பெரிய விலங்குக்கு எதிராகக் குண்டு தேவைப்பட்டது. இரண்டிற்கும் துப்பாக்கி ஒன்றே.

பிற்காலத்தில் பரவிய ரைபிள் இந்நெகிழ்வை இழந்தது. அதன் குழலுள் வெட்டப்பட்ட சுருள் வரிப்பள்ளங்கள் குண்டைச் சுழலச் செய்து நேராகச் செலுத்துகின்றன. அதே சுழற்சி ரவைக்கு ஊறாகிறது. சுழன்று வெளிவரும் ரவைகள் குழல்வாயைக் கடந்ததும் விலகிப் பரவி, நடுவில் வெற்றிடம் விழுகிறது. ஆகவே குண்டுக்கு ஏற்ற குழல் ரவைக்கு ஏற்றதன்று. இத்தொழில்நுட்ப வேறுபாடே பின்னர்ச் சட்ட வேறுபாடாகவும் உருவெடுத்தது.

1801 முதல் 1878 வரை: ஆயுதக் களைவு

1801 ஜூலை 31ஆம் நாளைய கர்நாடக உடன்படிக்கையால் செஞ்சி உள்ளிட்ட ஆர்க்காட்டுப் பகுதி கும்பினியின் நேரடி ஆட்சிக்குள் வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் மருது சகோதரர் தூக்கிலிடப்பட்டனர். டிசம்பர் 1ஆம் நாள் ஆளுநர் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட அறிக்கை, தென்பாளையங்களின் கோட்டைகளை அழிக்கவும் ஆயுதங்களை ஒப்படைக்கவும் ஆணையிட்டது. அவ்வறிக்கை தெற்கை நோக்கியதாயினும், ஆயுதம் தாங்குதல் அரசுக்கே உரியது என்னும் அதன் கருத்து மாகாண ஆட்சிமுறையின் அடிப்படையாயிற்று. 1816ஆம் ஆண்டின் 11ஆம் ஒழுங்குச் சட்டம் ஊர்த்தலைவரையும் தலையாரியையும் அரசின் காவல் அமைப்புக்குள் கொணர்ந்தது. ஊர்க்காவல் வழிவழி உரிமை என்னும் நிலையிலிருந்து அரசுப் பணி என்னும் நிலைக்கு மாறியது.

லிட்டன் பிரபு காலத்தில் இயற்றப்பட்ட 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இம்மாற்றத்தை நாடு முழுமைக்கும் உரியதாக்கியது. துப்பாக்கி வைத்திருக்க உரிமம் கட்டாயமாயிற்று, ஐரோப்பியருக்கோ விலக்களிக்கப்பட்டது. இச்சட்டம் துப்பாக்கிகளை முற்றிலும் ஒழித்தது எனக் கொள்வது மிகையாகும். அது உரிமையை அனுமதியாக மாற்றியது என்பதே பொருந்தும். 1887இல் சென்னையில் கூடிய மூன்றாம் காங்கிரஸ் மாநாடு இச்சட்டத்தைத் திருத்தக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. அக்கோரிக்கையின் உள்ளீடு ஆயுதத்தைக் காட்டிலும் குடிமகனின் தகுதி குறித்ததாகும்.

உரிமையா, அனுமதியா?

1931இல் காங்கிரஸ் வகுத்த கராச்சி அடிப்படை உரிமைத் தீர்மானத்தில், ஒழுங்குமுறைகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையும் இடம்பெற்றது. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத் அவ்வுரிமையைச் சேர்க்க முன்மொழிந்தார், அது ஏற்கப்படவில்லை. அமைதியாகவும் ஆயுதமின்றியும் கூடும் உரிமையையே அரசமைப்பின் 19ஆம் உறுப்பு வழங்கிற்று. காலனிய ஆட்சி அனுமதியாக மாற்றியதை விடுதலை பெற்ற நாடும் அனுமதியாகவே தொடர்ந்தது. பிரிவினைக் கலவரங்களின் நினைவு நீங்காத காலத்தில் எடுக்கப்பட்ட முடிவு என்பதையும் இங்குக் கருத வேண்டும்.

1959ஆம் ஆண்டுச் சட்டத்தின் பகுப்பு

1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 13ஆம் பிரிவு நுட்பமான ஒரு பகுப்பைச் செய்கிறது. இருபது அங்குலத்திற்குக் குறையாத குழலுடைய வழவழப்புக் குழல் துப்பாக்கியைப் பாதுகாப்புக்கோ விளையாட்டுக்கோ கோருபவருக்கும், வாய்வழி நிரப்பும் துப்பாக்கியை உண்மையான பயிர்ப்பாதுகாப்புக்குக் கோருபவருக்கும், மறுப்பதற்குரிய காரணங்கள் இல்லாவிடின் உரிமம் வழங்கப்பட வேண்டும். பிற துப்பாக்கிகளுக்கோ, விண்ணப்பிப்பவர் தக்க காரணம் உடையவர் என உரிமம் வழங்கும் அதிகாரி நிறைவடைதல் வேண்டும். போதிய சொத்து இல்லை என்பதை மட்டும் காட்டி உரிமத்தை மறுத்தலாகாது என 14ஆம் பிரிவு கூறுகிறது.

இவ்விதிகளைச் சேர்த்து நோக்கின், நூற்றாண்டுகளாகக் குடிகளின் கையில் இருந்த நாட்டுத் துப்பாக்கிக்குச் சட்டம் ஒரு சிறப்பிடத்தை ஒதுக்கியிருப்பது புலனாகும். நீண்ட குழல் மறைக்கத் தகாதது. எட்டும் தொலைவு குறைவு. மறுமுறை நிரப்பக் காலம் பிடிக்கும். இக்குறைகளே அதனை அச்சம் குறைந்த கருவியாக்கின எனக் கருதலாம். ஆயினும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின், பயிர்ப்பாதுகாப்பு உரிமம் வேட்டை உரிமமாகாது. மலையடி உழவர் ஒலியெழுப்பி விலங்கை விரட்டலாமேயன்றி, விரும்பியவாறு சுட இயலாது. நரிக்குறவரின் வேட்டைத் தொழிலும் இதனால் முடிவுக்கு வந்தது. கருவி எஞ்சிற்று, அதன் பயன் சுருங்கிற்று.

இருவகைத் தோட்டாச் சுழல்துப்பாக்கி

குண்டையும் ரவையையும் ஒருங்கிணைக்கும் முயற்சி சுழல்துப்பாக்கியிலும் பழையதே. 1856இல் காப்புரிமை பெற்ற லெமாட் சுழல்துப்பாக்கியில், குண்டுகளுக்கான ஒன்பது அறைகளின் நடுவே ரவைக்கென வழவழப்பான தனிக்குழல் ஒன்று அமைந்திருந்தது. இந்தியாவிலும் இஷாபூர் ஆயுதத் தொழிற்சாலையில் .303 ராணுவ ரைபிள் .410 அங்குல வழவழப்புக் குழலுடையதாக மாற்றப்பட்டுக் காவற்பணிக்கு வழங்கப்பட்டது. அண்மைக் கால அமெரிக்கச் சந்தையில் புகழ்பெற்ற டாரஸ் ஜட்ஜ் போன்றவை, நீண்ட அறைகளில் .45 கோல்ட் குண்டுத் தோட்டாவையும் .410 ரவைத் தோட்டாவையும் மாற்றி மாற்றி ஏற்பவை. இரு தோட்டாக்களின் உறைகளும் ஏறத்தாழ ஒரே பருமனுடையவை என்பதே இதற்கு அடிப்படை.

வீட்டின் இருளில் குறிபார்க்கும் தேவையை ரவை குறைக்கும் என்பது இவற்றுக்குச் சொல்லப்படும் சிறப்பு. ஆயின் இவற்றின் குழல் வரிப்பள்ளம் உடையது; குட்டையானது. முற்கூறியவாறு ரவை விரைந்து பரவும். சிறு தோட்டாவாதலால் ரவைகளின் எண்ணிக்கையும் குறைவு. ஒரே கருவியில் இரு பயன் என்னும் பழைய நெகிழ்வு இங்கு மீட்கப்படினும், அதற்குத் துணைநின்ற வழவழப்பான நீள்குழல் மீட்கப்படவில்லை.

சட்ட நிலையிலும் இவ்வேறுபாடே முடிவு செய்கிறது. ரவை சுடும் என்பதால் இது வழவழப்புக் குழல் துப்பாக்கி ஆகாது. இருபது அங்குல அளவையும் எட்டாது. எனவே 13ஆம் பிரிவு வழங்கும் எளிய வழி இதற்கில்லை. தக்க காரணம் காட்டும் கடப்பாடு விண்ணப்பிப்பவரையே சாரும். பாரதிய நியாய சன்ஹிதையின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் உடலையும் உடைமையையும் காத்துக்கொள்ளும் உரிமையை அனைவருக்கும் அளிக்கின்றன. அவ்வுரிமையைச் செயற்படுத்தும் கருவியோ அனுமதியின் எல்லைக்குள் நிற்கிறது.

முடிவுரை

செஞ்சியின் குடிகள் கையாண்ட நாட்டுத் துப்பாக்கியும் இன்றைய இருவகைத் தோட்டாச் சுழல்துப்பாக்கியும் ஒரே தேவைக்கு விடை தேடுபவை. முன்னதைச் சட்டம் கட்டுப்படுத்தியும் ஓரளவு ஏற்றது. பின்னதை ஐயத்துடன் நோக்குகிறது. எறிபொருள் ஒன்றாயினும் சட்டத்தின் பார்வை குழலின் நீளத்திலும் உள்ளமைப்பிலும் மறைக்கத் தகும் தன்மையிலும் நிலைகொள்கிறது. 1801இல் தொடங்கிய மாற்றத்தின் தொடர்ச்சியாகவே இதனைக் காண வேண்டும். கோட்டை மதில் இன்று தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. அதன் நிழலில் வாழும் குடியின் தற்காப்பு உரிமையும் தற்காப்புக் கருவியும் வெவ்வேறு சட்டங்களில் பிரிந்து நிற்கின்றன. இப்பிரிவின் வரலாற்றை மாவட்ட உரிமப் பதிவேடுகளின் துணையோடு வட்டார அளவில் ஆராய்வது அடுத்த கட்ட ஆய்வுக்கு உரியதாகும்.