'செம்பருத்தி டீ'யில் இருப்பது செம்பருத்தியே இல்லையா? புளிச்ச கீரைக்கும் அதற்கும் என்ன தொடர்பு?

ஆன்லைனில் 'ஹைபிஸ்கஸ் டீ' என்ற பெயரில் கருஞ்சிவப்பாகக் காய்ந்த ஒன்றை பாக்கெட்டில் விற்கிறார்கள். வாசலில் பூக்கும் செம்பருத்தியைத்தான் காயவைத்து விற்கிறார்கள் என்று நினைத்தால், அது தவறு. அது புளிச்ச கீரைச் செடியிலிருந்து வருவது. தாவரவியல் பெயர் ஹைபிஸ்கஸ் சப்டாரிஃபா, ஆங்கிலத்தில் ரோசெல். செம்பருத்தி, வெண்டை, பருத்தி எல்லாம் இதற்குச் சொந்தக்காரர்கள்தான்.

இன்னொரு விஷயம், பாக்கெட்டில் இருப்பது பூவிதழும் கிடையாது. ரோசெல் பூ வெளிர் மஞ்சள், நடுவில் மட்டும் கருஞ்சிவப்பு. ஒரே நாளில் வாடிவிடும். அதன் பிறகுதான் பூவுக்கு அடியில் இருக்கும் புல்லிவட்டம் சதைப்பிடித்து, சிவந்து, காயை மூடிக்கொள்கிறது. டீக்குப் பறிப்பது இதைத்தான். சூடானில் இதன் பெயர் கர்கடே.

சந்தையில் 'புளிச்ச கீரை' என்று கேட்டால் இரண்டு செடிகளில் எதையும் கட்டித் தரலாம். இன்னொன்று ஹைபிஸ்கஸ் கன்னாபினஸ், நார் எடுக்கும் செடி. தண்டைத் தடவிப் பாருங்கள்: சின்னச் சின்ன முள் குத்தினால் பெரும்பாலும் அது நார்ச்செடி. கடைந்து சாப்பிட இரண்டுமே சரிதான். ஆனால் நார்ச்செடியின் புல்லிவட்டம் சதைப்பிடிக்காது, டீக்கு உதவாது.

திருவாதவூர், மேலூர் பக்கம் வீட்டில் வளர்ப்பவர்கள் பருவத்தைப் பார்க்கணும். பகல் பொழுது குறைந்தால்தான் ரோசெல் பூக்கும். மதுரையில் ஆனி மாதத்தில்கூட பகல் 13 மணி நேரத்தைத் தொடாது. அதனால் மார்கழியில் விதைத்தால் செடி வளர்வதற்குள் பூத்துவிடும். வைகாசி, ஆனியில் விதைப்பதே நல்லது. கீரைக்கு மட்டும் என்றால் இந்தக் கவலை வேண்டாம்.

ரத்த அழுத்தம் குறையுமா? அமெரிக்காவில் 65 பேரிடம் நடந்து 2010இல் வெளியான ஆய்வில், தினம் 3 கப் வீதம் 6 வாரம் குடித்தவர்களுக்கு மேல் அளவு சராசரியாக 7 புள்ளி குறைந்தது. அது ரோசெல் டீ, வீட்டுச் செம்பருத்தி அல்ல. மாத்திரைக்குப் பதில் இதைக் குடிக்கலாம் என்றும் அந்த ஆய்வு சொல்லவில்லை. ஏற்கெனவே பிரஷர் மாத்திரை போடுபவர்கள் டாக்டரிடம் கேட்காமல் தினமும் குடிக்க வேண்டாம், அழுத்தம் அளவுக்கு மேல் இறங்கலாம்.

கீரையின் புளிப்புக்கு ஆக்சாலிக் அமிலமும் ஒரு காரணம். சிறுநீரகக் கல் வந்தவர்கள் அளவோடு சாப்பிடணும். வேகவைத்த தண்ணீரை வடித்துவிட்டால் ஆக்சலேட் கொஞ்சம் குறையும். அலுமினியப் பாத்திரம் மட்டும் வேண்டாம், புளிப்பு அதை அரிக்கும். மண்சட்டியோ எவர்சில்வரோ போதும்.