கொடி பறந்த முற்றங்கள்

ஒவ்வோராண்டும் டிசம்பர் 11ஆம் நாளை ஒட்டி நம் கல்லூரித் தமிழ்த்துறை மாணவர்களை எட்டயபுரத்திற்கு அழைத்துச் செல்வது வழக்கம். பாரதி பிறந்த வீடு, மணிமண்டபம், முத்துசுவாமி தீட்சிதர் நினைவிடம், உமறுப் புலவர் நினைவிடம் என்று சுற்றி முடித்தால் பொழுது சாய்ந்துவிடும். சென்ற முறை திரும்பும் வழியில் பேருந்திற்காகக் காத்திருந்தபோது, சாலையின் மறுபக்கம் அரசு மதுக்கடையின் கம்பித் தடுப்பிற்குள் நீண்டிருந்த வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்த மாணவர் ஒருவர் கேட்டார்: “ஐயா, அந்தக் காலத்தில் கள்ளுக்கடைகளில் கொடி கட்டியிருந்தார்கள் என்று வகுப்பில் சொன்னீர்களே. ஊருக்குப் புதிதாக வந்தவன் எந்தக் கடைக்குப் போவது என்று எப்படித் தெரிந்துகொண்டான்?”

மற்ற மாணவர்கள் சிரித்தார்கள். நாமும் சிரித்து, “அடுத்த வகுப்பில் பார்க்கலாம்” என்று சொல்லி நழுவிவிட்டோம். ஆனால் கேள்வி நம்மை விடவில்லை. இருபதாண்டுகளாகப் பத்துப்பாட்டை நடத்திவரும் நமக்கு அதுவரை தோன்றாத கேள்வி அது. இக்கட்டுரை அந்த மாணவருக்குப் பட்ட கடன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எங்கே போனால் என்ன குடிக்கக் கிடைக்கும் என்று வழிப்போக்கனுக்குச் சொல்வதற்கென்றே நம்மிடம் ஓர் இலக்கிய வகை இருந்திருக்கிறது. ஆற்றுப்படையைத்தான் சொல்கிறோம். பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞன், எதிரே வரும் வறிய கலைஞனை வள்ளலிடம் வழிப்படுத்துவது அதன் இலக்கணம். ஆனால் வள்ளலின் அரண்மனை வழியின் கடைசியில்தான் வருகிறது. அதற்கு முன்னால் ஒவ்வொரு நிலத்திலும் எந்த ஊரில் யார் வீட்டில் என்ன கிடைக்கும் என்ற விவரங்களே பாட்டின் பெரும்பகுதி.

நத்தத்தனாரின் சிறுபாணாற்றுப்படையில் பாணன் எயிற்பட்டினம் வழியே செல்கிறான். அங்கே நுளையர் பெண் வடித்தெடுத்த பழைய தேறலைப் பரதவர் ஊட்டுவர். உடன் சுட்ட குழல்மீன் கருவாடு கிடைக்கும். கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படை இன்னும் நுணுக்கமானது. எயினர் குடியிருப்பில் நெல்லிலிருந்து வீட்டிலேயே சமைத்த தோப்பி. அதே பாட்டில் கடற்கரைப் பட்டினத்திற்கு வந்துவிட்டால் காட்சி மாறுகிறது. கள் சமைக்கும் பெண்கள் கலம் கழுவிய நீர் வழிந்து சேறாகிக் கிடக்கிறது. அச்சேற்றில் பன்றிகள் குட்டிகளோடு புரள்கின்றன. அந்தக் கூட்டத்தோடு சேரவிடாமல், குழியில் நிறுத்தி, நெல் மாவு ஊட்டிப் பல நாள் வளர்த்த ஆண் பன்றியின் கொழுத்த இறைச்சியோடு அங்கே நறவு பெறலாம் என்கிறான் பாணன். முற்றத்துச் சேற்றையும் மறைக்காமல் சொல்கிறான். நேரில் போய்வந்தவனின் பேச்சு அது.

இங்கே கவனிக்க வேண்டியது, ஓரிடத்துக் குடி மற்றோரிடத்துக் குடியாக இருப்பதில்லை என்பதே. குறிஞ்சியில் மூங்கில் குழாயில் முதிர்ந்த தேன் தேறல், வேட்டுவர் ஊரில் அரிசித் தோப்பி, கடற்கரையில் பனையும் தென்னையும் தந்த கள். கள், நறவு, தேறல், தோப்பி, மட்டு, மது, பிழி என்று இத்தனை சொற்கள் வெறும் செய்யுள் தேவைக்காக வந்தவை அல்ல. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு நிலமும், ஒரு மூலப்பொருளும், அதைச் செய்தவரின் கைப்பக்குவமும் இருந்தன. தொடுதோல் தேய நடந்த பாணனுக்கு அந்த வேறுபாடுதான் வழித்துணை.

நகரங்களுக்கு வருவோம். மாணவர் கேட்ட கொடி இங்கேதான் வருகிறது. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்தின் கொடிகளைத் தனியே வரிசைப்படுத்துகிறது. தெய்வத்திற்கு எடுத்த கொடி, வாதம் செய்ய வல்ல ஆசிரியர்கள் உயர்த்திய கொடி, துறைமுகத்து மரக்கலங்களின் கொடி. இவற்றோடு நறவு விற்கும் இடத்தின் கொடி. அந்தக் கடை முற்றத்தில் மீனும் இறைச்சியும் பொரியும் ஓசை கேட்கிறது. மணல் பரப்பி மலர் தூவியிருக்கிறார்கள். பலர் புகுந்து வெளிவருகிறார்கள். ஆகவே மாணவரின் கேள்விக்கு முதல் விடை இது: கண்ணுக்குக் கொடி, காதுக்குப் பொரியும் ஓசை, காலுக்கு மணல். அறிவாளிகளின் கொடியும் கள்ளின் கொடியும் ஒரே வானத்தில் பறந்தன என்பதில் புலவருக்கு எந்தக் கூச்சமும் இல்லை.

அதே பாட்டில் இரவுக் காட்சியும் உண்டு. துணையோடு கூடிய மகளிர் பட்டை நீக்கித் துகில் உடுக்கிறார்கள். மட்டை விலக்கி மதுவை விரும்புகிறார்கள். உடையில் தெரிவு இருப்பது போலவே குடியிலும் தெரிவு இருக்கிறது. பாடல் கேட்டு, நாடகம் பார்த்து, நிலவொளியைத் துய்த்து அவர்கள் உறங்கிய பின், மாடங்களில் எஞ்சி எரியும் விளக்குகளைக் கடலிலிருந்து பரதவர் எண்ணுகிறார்கள். மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சியிலும் கூடல் நகரத்துக் கொடிகளுக்கிடையே கள்ளின் கொடி பறக்கிறது. பதிற்றுப்பத்தில் கபிலர் பாடிய பாட்டொன்றில், பகை வேந்தரின் யானைத் தந்தங்களைக் கொண்டுவந்த வீரர்கள் கள்கொடி அசையும் கடைத்தெருவில் அவற்றைக் கள்ளுக்கு மாற்றுகிறார்கள்.

ஆயினும் எல்லோரும் எல்லாக் கடைக்கும் போய்விடவில்லை. புறநானூற்றில் நக்கீரர் பாண்டியன் நன்மாறனை வாழ்த்தும்போது, யவனர் நல்ல கலங்களில் கொண்டுவந்த தேறலைப் பொற்கிண்ணத்தில் மகளிர் ஊட்டுவதைச் சொல்கிறார். கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த ‘எரித்திரேயக் கடற்பயணம்’ என்னும் கிரேக்க நூல், முசிறிப் பகுதிக்கு மது சிறிதளவே வந்ததாகக் குறிக்கிறது. 1945இல் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டில் நடத்திய அகழாய்விலும், பின்னர் அழகன்குளத்திலும் மத்தியதரைக் கடற்பகுதியின் மதுச்சாடி ஓடுகள் கிடைத்தன. அளவிற் குறைந்து வந்த அந்த மது அரசனின் அவைக்கே உரியதாயிருந்திருக்கும் என்று ஊகிக்கலாம்.

எட்டயபுரத்திலிருந்து தென்திசையில், இதே மாவட்டத்தில், தாமிரபரணியின் பழைய முகத்துவாரத்தில் இருந்தது கொற்கை. இன்று கடல் அதை விட்டு விலகிப்போய்விட்டது. மதுரைக்காஞ்சி அக்கொற்கையைப் பாடும்போது முத்தையும், சங்கு குளிப்போர் சேரியையும், கள்ளையே உணவாகக் கொண்ட குடியிருப்புகளையும் ஒரே மூச்சில் சொல்கிறது. உரையெழுதிய நச்சினார்க்கினியர் அக்குடியிருப்புகளை ‘இழிகுலத்தோர்’ இருப்பிடம் என்கிறார். மூலத்தில் அந்த இழிவு இல்லை, உரையில் இருக்கிறது. பாட்டிற்கும் உரைக்கும் இடைப்பட்ட பல நூற்றாண்டுகளில், முத்தெடுத்தவனின் கலயத்தைப் பார்க்கும் கண் மாறிவிட்டது. இந்த மாற்றமே நம் கட்டுரையின் மையம் என்று இப்போது தோன்றுகிறது.

மாற்றத்தின் ஒரு பகுதி அறத்திலிருந்து வந்தது. அதை மறுக்க இயலாது. வள்ளுவர் கள்ளுண்ணாமைக்குத் தனி அதிகாரம் வைத்தார். மணிமேகலையின் மலர்வனம் புக்க காதையில் களிமகன் ஒருவன் சமணத் துறவியை மறித்து, தென்னங்கள்ளில் கொலை ஏதுமில்லையே என்று வாதிட்டு அவரைக் குடிக்க அழைக்கிறான். சாத்தனார் அவனைக் கேலிக்குரியவனாகத்தான் காட்டுகிறார். ஆனாலும் அவனைப் பேசவிட்டிருக்கிறார்.

மற்றொரு பகுதி வருவாயிலிருந்து வந்தது. சென்னை மாகாண ஆப்காரிச் சட்டம் 1886ஆம் ஆண்டினது. கடை நடத்தும் உரிமை ஏலத்திற்கு வந்தது. கள் இறக்கும் மரத்திற்கு வரி வந்தது. எந்தக் கடை நன்றாயிருக்கும் என்பதைக் குடிப்பவன் முடிவு செய்த நிலை போய், எந்தக் கடை இருக்கும் என்பதை ஏலத் தொகை முடிவு செய்யும் நிலை வந்தது.

எட்டயபுரம் இந்த வரலாற்றில் நுழைவது மறுபுறத்திலிருந்து. திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்திலிருந்து இராஜாஜி மதுவிலக்கிற்கென்றே ‘விமோசனம்’ என்ற இதழை நடத்தினார். அதில் அவருக்குத் துணையாயிருந்தவர் கல்கி. 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தவர் முதலமைச்சர் இராஜாஜி. இழந்த வருவாய்க்கு ஈடாக 1939இல் விற்பனை வரியும் வந்தது. பின்னர் இதே கல்கி முன்னின்று நிதி திரட்டிய பாரதி மணிமண்டபத்திற்கு 1945இல் இதே இராஜாஜி அடிக்கல் நாட்டினார். 1947 அக்டோபரில் அவரே திறந்துவைத்தார். அடுத்த ஆண்டு, 1948 அக்டோபர் 2இல், ஓமந்தூரார் ஆட்சியில் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது. மணிமண்டபத்தின் முன் நிற்கும்போது இந்தத் தொடர்ச்சி நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

அதற்குப் பிந்தைய கதை வாசகர்கள் அறிந்ததே. 1971இல் விலக்குத் தளர்ந்தது, 1974இல் மீண்டது, 1981இல் மறுபடி தளர்ந்தது. 1983இல் டாஸ்மாக் தோன்றியது. 1987இல் கள்ளும் சாராயமும் தடை செய்யப்பட்டன. 2003 நவம்பரில் சில்லறை விற்பனையும் அரசின் கைக்கே வந்தது.

பனைக்காரருக்கு இதில் நேர்ந்ததை நம் மாவட்டத்தில் இருந்துகொண்டு சொல்லாமல் விட முடியாது. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால் அது பதநீர், தடவாவிட்டால் கள். பாளை ஒன்று, மரம் ஒன்று, ஏறுபவன் ஒருவன். ஒரு விரற்கடைச் சுண்ணாம்பு அவனை உழைப்பாளியாகவோ குற்றவாளியாகவோ ஆக்கிவிடுகிறது. பனை இம்மாநிலத்தின் மரம் என்பதையும், அதே அரசின் கடையில் ஆலையில் வடித்த மது தடையின்றி விற்கப்படுகிறது என்பதையும், அண்டைக் கேரளத்தில் கள்ளுக்கடைகள் சட்டப்படி இயங்குகின்றன என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இதைச் சொல்வதால் குடியைப் போற்றுகிறோம் என்று எவரும் கொள்ள வேண்டாம். நம் வகுப்பறைகளில் தந்தையின் குடியால் கட்டணம் கட்ட இயலாது நின்ற மாணவியர் உண்டு. 2015 ஜூலையில் காந்தியவாதி சசி பெருமாள் மார்த்தாண்டம் அருகே மதுக்கடையை அகற்றக் கோரிய போராட்டத்திலேயே உயிர் துறந்தார். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச்சாராயத்திற்கு 60க்கும் மேற்பட்டோர் பலியாயினர். கள்ளுக்கு ஆதரவாகப் பேசுவோரும் இக்கணக்கைத் தவிர்த்துவிட்டுப் பேசக்கூடாது. கள்ளும் குடியைக் கெடுத்திருக்கிறது. வள்ளுவர் பார்த்தது கள்ளைத்தான்; ஆலை மதுவை அல்ல.

எனினும் பாணன் சொன்ன வழியில் குடித்தவனுக்கு ஊட்டியவர் முகம் தெரிந்திருந்தது. உடன் உண்ண மீன் இருந்தது. உட்கார மணல் இருந்தது. குடித்தது எந்த மரத்தினது என்பதும் தெரிந்திருந்தது. இன்று கம்பிக்குப் பின்னாலிருந்து ஒரு கை நீள்கிறது. கடைக்குப் பெயரில்லை, எண் உண்டு. எந்த ஊரிலும் அதே புட்டிகள். தேர்ந்தெடுக்க ஏதுமில்லாத இடத்தில் நின்றுகொண்டுதான் அந்த மாணவர் தேர்ந்தெடுப்பதைப் பற்றிக் கேட்டிருக்கிறார்.

அவர் உடன்குடிப் பக்கத்தைச் சேர்ந்தவர் என்பதும், தாத்தா பனையேறியவர் என்பதும் பிறகுதான் தெரிந்தது. அடுத்த வாரம் பெரும்பாணாற்றுப்படையை அவரையே வகுப்பில் வாசிக்கச் சொல்லியிருக்கிறோம்.